250 வாட் போதுமா? இ-சைக்கிளுக்கு எவ்வளவு பவர் இருக்கலாம்?

இ-சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ரேஞ்ச், அடுத்தது ஸ்பீடு. பதில் சொல்லிவிட்டு, சில இடங்களில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்கள்: “ஸ்பீடு லாக்கை எடுத்துட்டா நாற்பது வரைக்கும் போகும் சார்!” லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், நாற்பதில் போகலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்த லாக்கை எடுத்ததும் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள் இல்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. பெடல் உள்ள இ-சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் கூடக் கூட மோட்டாரின் உதவி குறைந்து, 25 கி.மீ.யில் முழுவதும் நின்றுவிட வேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் அதற்கு முன்பே நிற்க வேண்டும். பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தின் சான்றும் தேவை. இதில் ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனம்தான். பதிவு, லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வந்துவிடும். லாக் எடுத்த வண்டி யார் மீதாவது மோதினால், இன்ஷூரன்ஸ் இல்லாததால் இழப்பீடு ஓட்டியவர் தலையில் விழும்.

<b>சும்மா ஒரு நம்பர் இல்லை</b>

சராசரி மனிதர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் தரக்கூடிய சக்தி சுமார் 75 முதல் 100 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆக, 250 வாட் என்பது குதிரையில் மூன்றில் ஒரு பங்கு, மனிதரில் இரண்டரை மடங்கு. நமக்குப் பழக்கமான டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 மொபெட்டின் சக்தி சுமார் 3,200 வாட். ஒப்பிட்டால் இ-சைக்கிள் மோட்டார் பொடியன்தான்.

ஆனால் அந்தப் பொடியன் போதும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமதளத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து 25 கி.மீ. வேகத்தில் போகத் தோராயமாக 170 வாட் தேவை. நாற்பதில் போக? 550 வாட்டைத் தாண்டிவிடும். காரணம் காற்று. வேகம் இரட்டிப்பானால், காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். அதோடு, 25-இல் வரும் வண்டியைவிட நாற்பதில் வருவதன் இயக்க ஆற்றல் இரண்டரை மடங்கு. பிரேக், ஃபோர்க், டயர் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

<b>லேபிளில் 250, ரோட்டில் 600</b>

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. விதியில் உள்ள 250 வாட், மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து சூடு தாங்கித் தரும் சக்தி. சில நிமிடங்களுக்கு எவ்வளவு பாயலாம் என்பதை அது சொல்வதில்லை. ஐரோப்பாவிலும் எல்லை 250 வாட், 25 கி.மீ. தான், அங்கும் அது தொடர் சக்திக்கான அளவு. அதனால்தான் பாஷ் நிறுவனத்தின் ‘பெர்ஃபார்மன்ஸ் லைன் சி.எக்ஸ்’ மோட்டார் சட்டப்படி 250 வாட், உச்சத்தில் 600 வாட். 2025-இல் சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் அது 750 ஆனது. 2024-இல் வந்த டி.ஜே.ஐ. ‘அவினாக்ஸ்’ மோட்டார் பூஸ்ட் மோடில் 1,000 வாட் வரை எட்டும். அதற்கும் அங்கே லேபிள் 250-தான்! ஏமாற்று வேலை அல்ல. விதி அளக்காததை நிறுவனங்கள் வளர்த்துக்கொண்டன.

பந்தயத்தில் இது நேரடித் தலைவலி. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ., 2019-இல் கனடாவின் மோன்-செயின்ட்-ஆனில் முதல் இ-மவுன்டன் பைக் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது. அங்கும் 250 வாட், 25 கி.மீ. என்பதே விதி. ஆனால் மலையேற்றத்தில் யாரும் 25-ஐத் தொடுவதில்லை. வேக எல்லை அங்கே வேலை செய்யாது. உச்ச சக்தி அதிகமுள்ள மோட்டார்தான் முந்தும். எல்லோருக்கும் ஒரே லேபிள் என்பதால் போட்டி சமம் என்று சொல்லிவிட முடியாது. பந்தயத்துக்காவது உச்ச சக்தியை அளந்தே ஆக வேண்டும்.

(மோட்டாரே கூடாத பந்தயத்தில் அதை ஒளித்து வைத்த கதை தனி. 2016-இல் பெல்ஜிய வீராங்கனை ஃபெம்கே வான் டென் டிரீஷ்சின் சைக்கிளுக்குள் மோட்டார் சிக்கியது; ஆறு ஆண்டு தடை, 20,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதம்.)

<b>வேறு வழி இருக்கிறதா?</b>

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 750 வாட் வரை சைக்கிள்தான். மோட்டாரில் மட்டும் 32 கி.மீ. வரை போகலாம். ஜப்பான் வாட்டைப் பிடித்துத் தொங்கவில்லை. நீங்கள் மிதிக்கும் சக்தியின் இரண்டு மடங்கு வரை மோட்டார் உதவலாம், 10 கி.மீ. வேகத்துக்குப் பிறகு அது குறைந்துகொண்டே போய் 24-இல் பூஜ்ஜியமாகும். மிதிச்சாத்தான் ஓடும், மிதிக்கிற அளவுக்குத்தான் ஓடும். இதுதான் சைக்கிளைச் சைக்கிளாக வைத்திருக்கிற விதி. ஜெர்மனியின் சைக்கிள் துறைச் சங்கமும் 2025-இல் இதே திசையில், மிதிப்பவரின் சக்தியைப்போல் நான்கு மடங்கு உதவி, 750 வாட் உச்சம் என்ற வரம்பை முன்வைத்தது.

உண்மையிலேயே கூடுதல் பவர் கேட்கும் உரிமை இருப்பது ஸ்பீடு பிரியர்களுக்கு அல்ல, சுமை ஏற்றுபவர்களுக்கு. சுமையோடு சேர்த்து 180 கிலோ எடையுள்ள சைக்கிள், 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் ஏற்றத்தில் 12 கி.மீ. வேகத்தில் ஏற 400 வாட் வேண்டும். ஓட்டுபவர் 100 வாட் தந்தாலும் 250 வாட் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். அவர்களுக்கு 25 கி.மீ. எல்லையைத் தொடாமல் வாட்டை மட்டும் உயர்த்தலாம். பிரிட்டன் அரசு 2024-இல் எல்லையை 500 வாட்டாக உயர்த்தலாமா என்று கருத்துக் கேட்டது. ஆனால் அது எல்லா இ-சைக்கிளுக்குமான யோசனை. கூடவே, மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரிலேயே ஓட்ட அனுமதிக்கும் யோசனையும் இருந்தது. பாதுகாப்பு பற்றிய கவலைகள் எழுந்தன. 2025 ஜனவரியில் இரண்டும் கைவிடப்பட்டன.