நாவலும் படக்காட்சியும்

நாவலொன்று படக்காட்சியாக வெளிவரின், அதனைக் கண்டோர் இரு கட்சியினராய்ப் பிரிந்து வாதிடுதல் இயல்பு. 'நூலைக் கெடுத்துவிட்டனர்' என்பர் ஒருசாரார்; 'நூலினும் இனிது' என்பர் மற்றொரு சாரார். இருசாராரும் ஒரே படத்தைக் கண்டவரே. அவ்வாறிருக்க, இவ்வேற்றுமை எதனால் விளைகின்றது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் இயற்றி, 1813-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரைட் அண்டு பிரஜுடிஸ்' என்னும் நாவலையும், அதனைத் தழுவி 2005-ஆம் ஆண்டில் ஜோ ரைட் என்பார் இயக்கிய படத்தையும் இதற்கு எடுத்துக்கொண்டோம். நாவலின் பெயரைத் தமிழிற் 'செருக்கும் தப்பெண்ணமும்' எனலாம்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். பென்னட் என்னும் நிலக்கிழார்க்குப் பெண்மக்கள் ஐவர், ஆண்மகவு இல்லை. அவருடைய நிலத்தின் ஆண்டு வருவாய் 2,000 பவுன். ஆயினும், அந்நிலம் ஆண்வழியினர்க்கே உரியதென எழுதப்பட்டிருத்தலின், அவர் காலத்திற்குப் பின் அது காலின்ஸ் என்னும் உறவினரைச் சேரும். எனவே, அப்பெண்களுக்குத் திருமணமே வாழ்வுக்கு வழி. அவருள் இரண்டாமவள் எலிசபெத். ஆண்டுக்கு 10,000 பவுன் வருவாயுடைய டார்சி என்னும் செல்வன், ஒரு நடன விழாவில் அவளைக் குறித்து இகழ்ந்துரைத்தது அவள் செவியிற் படுகின்றது. அன்று தொட்டு அவனைப் பற்றிய தீய செய்தி எதனையும் அவள் எளிதில் நம்புகின்றாள். அவன் பின்னர் அவளை மணக்க விரும்பிக் கேட்குங்கால், சினந்து மறுத்துவிடுகின்றாள். மறுநாள் அவன் தரும் கடிதம் அவள் கண்களைத் திறக்கின்றது. இருவரும் தத்தம் குறையை உணர்ந்து, இறுதியில் மணம் புரிகின்றனர்.

இப்படத்தில் எலிசபெத்தாகக் கீரா நைட்லியும், டார்சியாக மாத்யூ மக்ஃபேடியனும் நடித்தனர். திரைக்கதையை எழுதியவர் டெபோரா மோகாக். கதைத் தலைவியின் நடிப்பு, இசை, கலை அமைப்பு, உடை அமைப்பு ஆகிய நான்கிற்காக இப்படம் ஆஸ்கார் பரிசுக்கு முன்மொழியப் பெற்றது. எனினும், கண்டோர் கருத்து ஒன்றுபடவில்லை. அக்கருத்துகளைத் தொகுத்து நோக்கின், கண்டோர் மூவகையினராதல் புலனாகும். நாவலை முன்னரே பயின்றவர் முதல் வகையினர். 1995-ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனத்தார் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய தொடரை அளவுகோலாகக் கொண்டோர் இரண்டாம் வகையினர். இவ்விரண்டையும் அறியாது படத்தையே முதலிற் கண்டோர் மூன்றாம் வகையினர். இவர் மூவரும் வெவ்வேறு துலாக்கோல்களைக் கையிற் கொண்டு ஒரே பொருளை நிறுக்கின்றனர்.

இனி, குறை கூறுவோர் காட்டும் இடங்கள் சிலவற்றைக் காண்போம். பென்னட் குடும்பத்தாரின் மனையைச் சேறும் வாத்தும் பன்றியும் நிறைந்த பண்ணை வீடாகப் படம் காட்டுகின்றது. 2,000 பவுன் வருவாயுடையார் அத்துணை எளிய நிலையினர் அல்லர் என்பது நாவல் பயின்றோர் கூற்று. அஃது உண்மையே. ஆயினும், அக்குடும்பத்தின் உண்மையான இடர் இற்றைய வறுமை அன்று. நாளை நேரக்கூடிய வறுமையாம். வாராத வறுமையை நாவலாசிரியர் ஒரு வாக்கியத்தில் உணர்த்துவர். படம் எடுப்போரோ கண்ணாற் காணத் தக்க ஒன்றை நாட வேண்டியவராகின்றனர். எலிசபெத்தின் தோழி சார்லட், அறிவிலியாகிய காலின்ஸை மணக்க இசைந்ததற்குரிய காரணத்தை நாவல் அவள் எண்ணங்களின் வாயிலாக விளக்குகின்றது. படத்திலோ அவளே தோழியை நோக்கி, தனக்கு வயது இருபத்தேழு ஆயிற்று, கையிற் பொருளில்லை, பெற்றோர்க்குச் சுமையாயினேன், அஞ்சுகின்றேன் என்கின்றாள். இக்காட்சியை நூல் பயின்றோரும் குறை கூறுதல் அரிது. திருமணம் அக்காலப் பெண்டிர்க்கு உணவும் உறையுளுமாக இருந்த நிலை இங்கே நம் நெஞ்சிற் பதிகின்றது. இதனை உணர்ந்தாலன்றிப் பெருஞ்செல்வனை மறுத்த எலிசபெத்தின் துணிவு எத்தகையதென்பது விளங்காது.

அடுத்து, டார்சியின் இயல்பைப் பற்றிய வழக்கு. மக்ஃபேடியன் காட்டும் டார்சி செருக்குடையவனாகத் தோன்றவில்லை, கூச்சமுடையவனாகவே தோன்றுகின்றான் என்பர் பலர். 1995-ஆம் ஆண்டுத் தொடரிற் காலின் பர்த் காட்டிய இறுமாப்பே நூலுக்கு ஒத்தது என்பது அவர் துணிபு. ஆனால், அத்தொடரிற் புகழ்பெற்றதாகிய, டார்சி குளத்தில் மூழ்கி ஈர உடையோடு வரும் காட்சி நாவலில் யாண்டும் இல்லை. நூலுக்கு உண்மையாயிருத்தல் வேண்டுமென வாதிடுவோர், தமக்கு இனியதாகிய புதுமையை மட்டும் ஏற்றுக்கொள்ளுதல் நடுநிலை ஆகாது. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த படமோ இன்னும் தொலைவு சென்றது. டார்சியின் தாயுடன் பிறந்தவரும் கடுமொழியினருமாகிய லேடி காதரினை, முடிவில் அவனுக்கு உதவிபுரியும் நல்லாளாகவே அது மாற்றிவிட்டது. அத்திரைக்கதையை எழுதிய இருவருள் ஒருவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞர். மாற்றம் செய்யாத படம் ஒன்றேனும் இல்லை என்க.

படத்தைப் போற்றுவோர் எடுத்துக்காட்டும் இடங்களுள் ஒன்றையும் நோக்குவோம். எலிசபெத் வண்டியில் ஏறுங்கால் டார்சி அவள் கையைப் பற்றி உதவுகின்றான். பின்னர் ஒரு சொல்லும் கூறாது திரும்பி நடக்கையில், அக்கையின் விரல்கள் விரிந்து ஒடுங்குகின்றன. சில நொடிகளே நிகழும் இக்காட்சி நாவலில் இல்லாதது. ஆயினும், அவன் உள்ளம் அவன் அறியாமலே கனிந்ததை இஃது உணர்த்துகின்றது. தமிழ் பயில்வோர்க்கு இது புதுமை அன்று. உள்ளத்து நிகழ்ச்சி உடலின்கண் புறத்தார்க்குப் புலப்படுதலைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று வகுத்து, நகை முதலாக உவகை ஈறாக எட்டெனக் கூறினார். படக்கலையின் மொழி மெய்ப்பாடே. அவ்வாறே, நாவலில் வீட்டினுள் நிகழும் முதல் மண வேண்டுகோளைப் படம் கொட்டும் மழையிலும், பகற்பொழுதில் உலாவுகையில் நிகழும் இரண்டாம் வேண்டுகோளை மூடுபனி படர்ந்த விடியலிலும் வைத்தது. அகத்திணை மரபிற் பொழுதும் நிலமும் உரிப்பொருளுக்குத் துணைநிற்றலை அறிந்தார் இதனை வீண் அலங்காரம் என்று தள்ளார்.

எனினும், படம் இழந்தது ஒன்றுண்டு. அது கடிதம். டார்சியின் கடிதத்திற்கும், அதனை எலிசபெத் மீண்டும் மீண்டும் படித்துத் தன் பிழையைத் தானே கண்டு நாணுதற்கும் நாவலாசிரியர் இரண்டு அதிகாரங்களை ஒதுக்கினார். கதையின் உயிர்நிலை அதுவே. காதல் தோன்றுமுன் அறிவு திருந்துகின்றது. இரண்டு மணி நேரத்திற்குச் சிறிதே மேற்பட்ட படத்தில் இஃது இரண்டொரு நிமிடங்களிற் கடந்துபோகின்றது. மெய்ப்பாட்டால் அன்பைக் காட்டலாம்; ஒருத்தி தன்னோடு தானே வழக்காடித் தோற்பதைக் காட்டுதல் அரிது. நூல் பயின்றோரின் மனக்குறைக்கு வேர் இதுவே எனக் கருதுகின்றோம். பன்றியும் சேறும் வெறும் கிளைகள்.

படத்தின் முடிவும் இவ்வுண்மையை விளக்கும். நாவலில், எலிசபெத் தன் இசைவைத் தெரிவிக்கும் இடத்தில் அவள் மொழிகளை ஆசிரியர் நேரே தாராது, தம் வாயாற் சுருக்கிக் கூறி அகல்கின்றார். படம் காண்போர் பலர் அத்திரையை விலக்கிக் காண விழைகின்றனர். ஆதலால், அமெரிக்காவில் காட்டப்பெற்ற படத்தில், மணமக்கள் இரவில் தனித்திருந்து காதல் மொழி பேசும் காட்சியொன்று இறுதியிற் சேர்க்கப்பட்டது. பிரிட்டனில் முன்னோட்டம் கண்டோர் அதனை விரும்பாமையின், தந்தையார் மகளின் திருமணத்திற்கு இசைந்து மகிழும் காட்சியோடு அங்கே படம் முடிந்தது. ஒரு கதைக்கு இரு முடிவுகள் அமைந்தமை, காண்போர் விருப்பமும் கலையை ஆக்கும் என்பதற்குச் சான்று.

ஆகவே, நாவலினின்று எழுந்த படமொன்றைப் பற்றிக் கருத்துரைப்போர் மூன்றினை நோக்குதல் நலம். கதையின் உயிர்நிலை யாது? படம் அதனைக் காத்ததா? காவாதாயின், அதற்கு ஈடாக நூலால் தர இயலாத ஒன்றைத் தந்ததா? இவ்வாறு நோக்கின், ஜோ ரைட்டின் படம் அன்பின் மெய்ப்பாட்டில் வென்று, அறிவின் மாற்றத்தில் தளர்ந்தது என்பதே எம் துணிபு. படத்தைக் கண்டு உவந்தவர் நூலின் அவ்விரண்டு அதிகாரங்களையும் படிப்பாராக. நூலைப் போற்றுவோர் படத்தை மறுமுறை காண்பாராக. ஆஸ்டின் இந்நாவலுக்கு முதலில் இட்ட பெயர் 'முதற்பதிவுகள்' என்னும் பொருளுடையது. முதலில் தோன்றிய கருத்தே முடிந்த கருத்தாகாது என்பதை எலிசபெத் கடிதத்தை மறுபடியும் படித்தே கற்றாள். படம் காண்போர்க்கும் அதுவே நெறி.