வயலிடம் உத்தரவு கேட்ட கலைஞர்கள்

உழுத வயலை விட்டுப் பிரிவது என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எனினும், வேறொரு நாட்டிலே, வேறொரு காரணத்தால் வெறுமையாகிப்போன வயல்களின் கதையொன்றை இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். அந்த வயல்களைத் தேடி வந்தவர்கள் அதிகாரிகளோ வியாபாரிகளோ அல்லர்; ஓவியர்களும் சிற்பிகளும்.

ஓவியர் கிராமத்துக்கு வருவார், குளத்தையும் வயலையும் வரைவார், படத்தைச் சுருட்டிக்கொண்டு நகரத்துக்குப் போவார். இதுவே நாம் அறிந்த வழமை. ஆனால் இன்று பல நாடுகளில் வேறொரு முறை வளர்ந்து வருகின்றது. கலைஞர் ஓர் ஊருக்கு அழைக்கப்படுகின்றார். சில வாரங்களோ மாதங்களோ அங்கேயே தங்குகின்றார். அந்த ஊரின் மண், நீர், காடு, தொழில் ஆகியவற்றைப் படித்து, ஊர் மக்களோடு சேர்ந்து தமது படைப்பை உருவாக்குகின்றார். இந்த முறை நன்கு வேரூன்றிய இடங்களுள் ஒன்று யப்பானின் நீகாட்டா மாகாணத்திலுள்ள எச்சிகோ-சுமாரி என்னும் மலைப்பிரதேசமாகும்.

வெறுமையான மலைக்கிராமங்கள்

ஏறக்குறைய 760 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இப்பிரதேசத்தின் ஊடாக, யப்பானின் மிக நீண்ட நதியாகிய சினானோ ஓடுகின்றது. குளிர்காலத்தில் பனி ஆளுயரத்துக்கும் மேலாகக் குவிந்துவிடும். இத்தகைய இடத்திலே, மலைச்சரிவை வெட்டி, வரம்பு கட்டி, படிக்கட்டுப் போல வயல்களை அமைத்துத் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தார்கள்.

அந்தக் கிராமங்களை வெறுமையாக்கியது போர் அல்ல. இளையோர் தொழில் தேடி நகரங்களுக்குப் போனார்கள். நெல் உற்பத்தி மிகுந்துவிட்டதென்று கண்ட அரசு, 1970ஆம் ஆண்டு முதல் வயல்களின் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விடும்படி கமக்காரரைத் தூண்டியது. முதியோர் மட்டும் எஞ்சினர். வீடுகள் பூட்டப்பட்டன, பாடசாலைகள் மூடப்பட்டன. "உங்கள் உழைப்பு இனித் தேவையில்லை" என்று சொல்லப்படுவதும் ஒரு வகை இடப்பெயர்வு அல்லவா?

நீகாட்டாவிலே பிறந்தவரான பிராம் கிட்டகாவா, இந்த ஊர்களுக்கு உலகெங்கிலுமிருந்து கலைஞர்களை அழைக்கத் திட்டமிட்டார். ஊர் மக்கள் இலகுவில் இணங்கவில்லை. வயலுக்கும் சித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்கள். கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடந்தது. ஈற்றில், 2000ஆம் ஆண்டு முதலாவது கலைவிழா நடைபெற்றது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை என்ற ஒழுங்கில் அது தொடர்ந்து வருகின்றது. பெருந்தொற்றுக் காரணமாக 2021இல் நடக்கவேண்டியது மட்டும் 2022க்குப் பின்போடப்பட்டது.

ஒரு கமக்காரரின் தயக்கம்

அந்த முதல் விழாவுக்காக, சோவியத் நாட்டிலே பிறந்த இலியா கபகோவும் அவருடைய மனைவி எமிலியாவும் மட்சுடாய் என்னும் ஊரின் படிக்கட்டு வயல்களைத் தெரிவுசெய்தனர். உழுதல், விதைத்தல், நாற்று நடுதல், களையெடுத்தல், அறுவடை செய்தல் ஆகிய வேலைகளில் ஈடுபட்ட மனித உருவங்களை நீலத்திலும் மஞ்சளிலும் செய்து வயல்களிலே நிறுத்துவது அவர்களின் எண்ணம்.

அந்த வயலுக்குச் சொந்தக்காரர் காயமுற்றிருந்தவர். கமத்தைக் கைவிடும் யோசனையிலும் இருந்தவர். மூதாதையர் உழைத்த மண்ணில் அந்நியர் உருவங்களை நடுவதற்கு அவர் முதலில் சம்மதிக்கவில்லை. பின்னர், அந்தப் படைப்பு தம்மைப் போன்றோரின் உழைப்பைக் கௌரவிக்கவே வருகின்றது என்பதை உணர்ந்து உடன்பட்டார். உடன்பட்டதோடு நில்லாமல், மேலும் சில ஆண்டுகள் அந்த வயலிலே பயிரும் செய்தார். உழுவார் இல்லாத வயலில் உழுபவனின் உருவம் நிற்பதில் என்ன பொருள் இருக்கின்றது?

பூட்டிய வீடுகள் திறந்தன

2004 ஒக்ரோபர் 23இல் பெரும் நிலநடுக்கம் இப்பிரதேசத்தைத் தாக்கியது. 1924இல் கட்டப்பட்ட ஒரு புல்வேய்ந்த வீடும் அதில் சேதமடைந்தது. அதைக் கைவிடாமல் திருத்தி, மட்பாண்டக் கலைஞரின் கைவண்ணங்களால் நிரப்பி, 2006இல் திறந்தார்கள். அங்கே ஊர்ப் பெண்களே சமைத்து விருந்தினருக்குப் பரிமாறினார்கள். 2005இல் மூடப்பட்ட ஒரு பாடசாலையில், அதன் கடைசி மூன்று மாணவர்களைக் கதாபாத்திரங்களாக்கி, ஒதுங்கிய மரத்துண்டுகளாலும் காட்டு விதைகளாலும் ஒரு சித்திரக்கதையையே கட்டியெழுப்பினார் சேய்சோ தாஷிமா.

கைவிடப்பட்ட ஒரு பழைய கமக்கார வீடு, 2009இல் அவுஸ்திரேலியக் கலைஞர்கள் தங்கிப் பணிசெய்யும் இல்லமாயிற்று. 2011 மார்ச் 12இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் அது இடிந்து வீழ்ந்தது. மறு ஆண்டே, 2012இல், புதிய இல்லம் எழுந்தது.

வயல்களுக்கும் வழி தேடினார்கள். நகரத்தவர் பணம் செலுத்தி ஒரு வயற்துண்டைத் தத்தெடுத்து, விளைந்த அரிசியில் பங்கு பெறும் திட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. 2015இல் உருவான பெண்கள் உதைபந்தாட்ட அணியின் வீராங்கனைகள் அங்கேயே குடியிருந்து, பயிற்சியோடு வயல் வேலையும் செய்கின்றனர்.

இதனால் எல்லாம் சீராகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மக்கள் தொகை அங்கே இன்னும் குறைந்துகொண்டுதான் போகின்றது. கலை கமத்துக்கு ஈடாகாது. ஆயினும், தம் வாழ்வு பார்க்கத் தகுந்தது, கேட்கத் தகுந்தது என்ற மதிப்பை அந்த முதியோர் மீளப் பெற்றார்கள். சில வயல்கள் காடாகாமல் தப்பின.

எமது தோம்பு

எமது மண்ணிலும் இதற்கு நெருங்கிய ஒரு முயற்சி நடந்தது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையும்படி கேட்டார். அவற்றைத் தொகுத்து, 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் தலைப்பில் 2011இல் நூலாக்கினார். ஒல்லாந்தர் எழுதிய தோம்பில் நிலமும் உடைமையும் பதியப்பட்டன. இந்தத் தோம்பிலோ கிணறும் மரமும் திண்ணையும் மனத்திலிருந்து பதியப்பட்டன.

இனி உங்களிடம் யாராவது படம்பிடிக்கவோ, வரையவோ, கதை கேட்கவோ வந்தால், நீங்களும் சிலவற்றைக் கேளுங்கள். எத்தனை நாள் எங்களோடு இருப்பீர்கள்? எங்கள் சம்மதம் இல்லாததை விட்டுவிடுவீர்களா? நீங்கள் போனபின் எங்களிடம் என்ன மிஞ்சும்? இவற்றுக்கு மறுமொழி சொல்லக்கூடியவரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

ஆனால் கலைஞர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் போதும். அப்புவையும் ஆச்சியையும் பிள்ளைகளின் அருகே இருத்துங்கள். குளம் எந்தப் பக்கம், வாய்க்கால் எங்கே திரும்பும், எந்த வயலுக்கு என்ன பெயர், எல்லையில் நின்ற மரம் எது என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். அந்த வயலை ஒருநாளும் மிதித்திராத பிள்ளைக்கு, அதன் வரம்பிலே நடப்பதற்கு அதுவே முதல் வழி.