வீடு யார் பேரில் இருந்தாலும்

போலீசுக்குப் போகலாமா என்று கேட்டால் நம் தெருப் பெண்கள் பலர் பதறிவிடுகிறார்கள். “வேணாம்க்கா, கொண்டுபோய் அடிச்சே போட்டுடுவாங்க. அவரு உள்ள போயிட்டா புள்ளைங்களுக்கு யாரு கஞ்சி ஊத்துவா?” உதடு கிழிந்திருக்கும்போதே இதைச் சொல்வார்கள். இதைக் கோழைத்தனம் என்று நாம் சொல்ல மாட்டோம். காவல் நிலையத்தில் நம் ஆட்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைக் கண்டு வந்த அச்சம் அது.

அந்த அச்சத்தோடு இருப்பவரும் கையில் எடுக்கக்கூடிய சட்டம் ஒன்று 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது: குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. கணவனைக் கைது செய்வது இதன் முதல் வேலை அல்ல. அடிக்காதே, துரத்தாதே, செலவுக்குப் பணம் கொடு என்று நடுவர் நீதிமன்றம் உத்தரவிடும். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றமாகும். ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். கொடுமைக்காகக் குற்ற வழக்கே தொடுக்க விரும்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் நாம் பெரிதாக மதிப்பது 17ஆம் பிரிவை. “பட்டா என் பேர்ல இருக்கு, வெளியே போடி” என்ற அதட்டல் அதன்முன் செல்லாது. வீடு கணவன் பேரில் இருக்கலாம், வாடகை வீடாகவும் இருக்கலாம். சேர்ந்து குடித்தனம் நடத்திய வீட்டில் இருக்க அவளுக்கு உரிமை உண்டு; சட்டப்படியான நடைமுறை இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. மாமியார் பேரிலுள்ள வீட்டில் மருமகள் இந்த உரிமையைக் கோர முடியாது என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அது சரியான சட்டமல்ல என்றது. இடையில் கிட்டத்தட்ட 14 ஆண்டுகள். அதற்குள் படியிறங்கிப் போன மருமகள்களை யார் எண்ணினார்கள்?

சாதி மறுத்து மணம் முடித்துப் போன நம் பெண்களின் நிலை இன்னும் சிக்கல். சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியதற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட வேண்டுமானால், அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். “உன் தட்டைத் தனியா வை” என்று மாமியார் சொல்வது அடுப்படியில். யார் பார்த்தார்கள்? குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு அந்தச் சாட்சிக் கூட்டம் தேவையில்லை. நாலு சுவருக்குள் நடக்கும் ஏச்சையும் அவமானத்தையும் அது வன்முறை என்றே சொல்கிறது. மாமியார் மீதும் மனுக் கொடுக்கலாம்.

மனுவுக்கு மாவட்ட சமூகநல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததைக் கேட்டு அறிக்கை எழுதி நடுவருக்கு அனுப்புவது அவர் கடமை. வழக்கறிஞர் வேண்டுமென்றால் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார்; பெண் என்பதே அதற்குத் தகுதி. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா வாய்தாவாக இழுக்கும். அதனால் மனுவிலேயே இடைக்கால உத்தரவும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் காட்டியிருந்தால் ஓ.பி. சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரவில் வெளியே தள்ளிவிட்டால் 181-க்கு அழையுங்கள். பக்கத்து வீட்டாரும் அழைக்கலாம்.