மௌனத்துக்கும் ஒரு விலை உண்டு

நம் நாட்டில் மின்சாரப் பட்டியல் வீட்டுக்கு வந்ததும் இல்லத்தரசி செய்யத்தக்கன இரண்டே. ஒன்று, பணத்தைக் கட்டுதல். மற்றொன்று, வீணாக எரியும் விளக்கை அணைக்குமாறு பிள்ளைகளைக் கண்டித்தல். “இந்த நிறுவனத்தின் மின்சாரம் வேண்டாம், வேறொன்றினிடம் வாங்கிக்கொள்கிறேன்” என்று கூறும் வழக்கம் இங்கு இல்லை. பிரித்தானியாவிலோ அது சாதாரண காரியம். அரிசிக் கடையை மாற்றுவது போலவே மின்சாரம் விற்பவரையும் எரிவாயு விற்பவரையும் அங்குள்ள குடும்பங்கள் மாற்றிக்கொள்ளலாம். நம்மவரின் பிள்ளைகளும் உறவினரும் பெருந்தொகையாக இலண்டனில் வாழ்ந்து அப்பட்டியல்களைக் கட்டிவருகின்றனர். மேற்படிப்புக்காகச் செல்லும் மாணவரும் வாடகை வீட்டில் குடிபுகுந்த மறுநாளே இவ்விடயத்தைச் சந்திக்கின்றனர். ஆதலின் இது நமக்குப் புறம்பான செய்தியன்று.

கம்பி ஒன்று, கடைகள் பல

பிரித்தானியாவில் மின்சாரம் 1948ஆம் ஆண்டிலும் எரிவாயு 1949ஆம் ஆண்டிலும் அரசுடைமையாயின. பின்னர் எரிவாயுத் தொழில் 1986இல் தனியாரிடம் சென்றது. மின்சாரம் 1990இலிருந்து அவ்வழியே சென்றது. இல்லத்தார் தமக்கு வேண்டிய நிறுவனத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை படிப்படியாக வந்து, எரிவாயுவில் 1998இலும் மின்சாரத்தில் 1999இலும் நிறைவெய்தியது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொத்லாந்து ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும்; வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு.

இவ்வாறு நிறுவனத்தை மாற்றும்போது வீட்டில் என்ன நிகழ்கிறது? ஒன்றுமே நிகழ்வதில்லை என்பதே விடை. அதே கம்பி, அதே குழாய், அதே மானி. விளக்கு ஒரு நொடியும் அணைவதில்லை. மாறுவன பட்டியலின் தலைப்பில் உள்ள பெயரும் அடியில் உள்ள தொகையுமே.

தவணை முடியும் நாள்

அங்கு கட்டணங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று மாறாக் கட்டணம். ஓர் ஆண்டு, ஈராண்டு என்று தவணை குறித்து, அதுவரை அலகின் விலையை உயர்த்துவதில்லை என்று நிறுவனம் உடன்படும். மற்றொன்று, சந்தைக்கேற்ப ஏறி இறங்கும் மாறும் கட்டணம். மாறாக் கட்டணத்தில் நிலைத்து நிற்பது அலகின் விலையே, மொத்தத் தொகையன்று. மிகுதியாக எரித்தவர் மிகுதியாகவே கட்டவேண்டும்.

தவணை முடியும் நாளே கருத்திற்கொள்ளவேண்டிய நாள். அது நெருங்குமுன் நிறுவனம் வாடிக்கையாளருக்கு அறிவித்தல் அனுப்பவேண்டும். அதற்கு மறுமொழி கூறாது இருந்துவிட்டால், மின்சாரம் நிற்பதில்லை. பெரும்பாலும் அக்குடும்பம் தானாகவே மாறும் கட்டணத்துக்குத் தள்ளப்படும். தவணையின் நடுவில் விலகுவோரிடம் விலகற் கட்டணம் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. எனினும், முடிவுக்கு முந்திய 49 நாட்களுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறுவோரிடம் அதனை அறவிடலாகாது என்பது விதி. ஏழு வாரங்கள் கதவு திறந்திருக்கிறது எனலாம்.

மௌனத்தால் வந்த இலாபம்

போட்டி வந்தால் விலை குறையும், அனைவரும் நலம்பெறுவர் என்பது பொருளியல் நூல்களின் வாக்கு. பிரித்தானியாவில் நடந்தது அத்துணை நேரானதன்று. புதியவர்களை மலிவான மாறாக் கட்டணம் காட்டி அழைப்பதும், தவணை முடிந்தபின் பேசாதிருப்போரிடம் கூடுதலாக வாங்குவதும் வணிக முறையாயின. அந்நாட்டின் போட்டி, சந்தைகள் அதிகாரசபை 2016இல் வெளியிட்ட அறிக்கை இதனை வெளிப்படுத்தியது. ஆறு பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளருள் நூற்றுக்கு ஏறக்குறைய 70 பேர் விலை கூடிய மாறும் கட்டணத்திலேயே இருந்தனர். மாறியிருந்தால் ஆண்டுக்கு 300 பவுணுக்கு மேல் மீதப்படுத்தியிருக்கக் கூடியவர் பலர். போட்டி செவ்வனே நடந்திருந்தால் கட்டவேண்டியதிலும் பார்க்க ஆண்டுக்குச் சராசரி 140 கோடி பவுண் கூடுதலாக மக்கள் கட்டிவந்தனர் என்றும் அவ்வறிக்கை கணக்கிட்டது.

பேசாதிருந்தோர் யாவர்? வருமானம் குறைந்தோர், முதியோர், படிப்புக் குறைந்தோர், வாடகை வீட்டில் வாழ்வோர் ஆகியோரே மாற்றம் செய்வதில் பின்தங்கியிருந்தனர். ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் கல்வியும் உடையவர் மலிவாக வாங்கினர். அவை இல்லாதவர் அதே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுத்தனர். உரிமை எல்லார்க்கும் ஒன்றே. அதன் பயன் ஒன்றாயிருக்கவில்லை.

வரம்பும் புயலும்

இக்குறையை நீக்கவே பாராளுமன்றம் 2018இல் சட்டம் இயற்றியது. அதன்படி, ஒஃப்ஜெம் எனப்படும் மேற்பார்வை நிறுவனம் 2019 ஜனவரி 1ஆந் திகதி முதல் மாறும் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. நடுத்தரப் பாவனையுள்ள வீட்டுக்கு அது அப்போது ஆண்டுக்கு 1,137 பவுண். இத்தொகை ஓர் எடுத்துக்காட்டே. வரம்பு அலகின் விலைக்கும் நாளாந்தக் கட்டணத்துக்கும் உரியது. எவ்வளவு எரித்தாலும் அத்தொகைக்கு மேற்படாது என்று எண்ணுதல் பிழை.

பின்னர் 2021இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை வானளாவ உயர்ந்தது. மலிவாக விற்பதாக வாக்களித்திருந்த சிறு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. 2021 முதல் ஏறக்குறைய 30 நிறுவனங்கள் மறைந்தன. 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரைக் கொண்ட பல்ப் என்னும் நிறுவனம் அவ்வாண்டு நவம்பரில் அரசின் உதவியுடன் நடைபெறும் நிருவாகத்தின்கீழ் வந்தது. வீழ்ந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர் இருளில் விடப்படவில்லை. வேறு நிறுவனங்கள் அவர்களை ஏற்றன. அவர்கள் முற்பணமாகக் கட்டியிருந்ததும் காப்பாற்றப்பட்டது. ஆனால் பழைய மலிவு விலை அவர்களுக்குத் தொடரவில்லை. வரம்பும் 2023 ஜனவரியில் 4,279 பவுணாக உயர்ந்தது. நடுத்தர வீடொன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 பவுண் மட்டுமே கட்டுமாறு, மிகுதியை அரசு ஏற்றது.

அப்புயலில் முன்னைய அறிவுரை தலைகீழாயிற்று. தவணை முடிந்தோருக்கு அன்று கிடைத்த மாறாக் கட்டணங்கள் வரம்பைவிட உயர்ந்திருந்தன. மாறாது இருந்தவரே அவ்வேளை நலமுற்றனர். ஆதலின் “எப்போதும் மாறுக” என்பதும் அறிவன்று. “எப்போதும் பேசாதிரு” என்பதும் அறிவன்று. கணக்குப் பார்த்துப் பேசாதிருத்தல் வேறு. கடிதத்தைப் பிரியாமலே பேசாதிருத்தல் வேறு.

ஒரு கணக்குப் பாடம்

மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். எடுத்துக்காட்டாக இரு மின்சார ஒப்பந்தங்களைக் கற்பனை செய்வோம். முதலாவதில் அலகு 25 பென்ஸ், நாளாந்தக் கட்டணம் 60 பென்ஸ். இரண்டாவதில் அலகு 27 பென்ஸ், நாளாந்தக் கட்டணம் 40 பென்ஸ். எது மலிவு?

ஆண்டுக்கு 1,500 அலகு செலவிடும் தனி முதியவருக்கு முதலாவது 594 பவுண். இரண்டாவது 551 பவுண். அலகின் விலை கூடியதே அவருக்கு 43 பவுண் மலிவு. ஆண்டுக்கு 4,000 அலகு செலவிடும் பெரிய குடும்பத்துக்கோ முதலாவது 1,219 பவுண். இரண்டாவது 1,226 பவுண். இங்கு விடை மாறிவிட்டது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள விலை ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது என்பதை இது காட்டும். தன் வீட்டின் ஓராண்டுப் பாவனையை அறியாதவர் எந்த ஒப்பந்தத்தையும் மதிப்பிட இயலாது. அவ்வெண் பழைய பட்டியலிலேயே இருக்கிறது.

செய்யவேண்டியவை

தவணை முடியும் திகதியைச் சுவர்க் கலண்டரில் குறித்துவைத்தல் முதற் கடமை. அடுத்து, அலகு விலை, நாளாந்தக் கட்டணம், தவணைக் காலம், விலகற் கட்டணம் ஆகிய நான்கையும் எழுதி ஒப்பிடுதல் வேண்டும். புதிய நிறுவனத்தைத் தெரிந்தபின் பழையதற்குத் தனியே அறிவிக்கவேண்டியதில்லை. புதியதே அதனைக் கவனிக்கும். 2022 ஜூலை முதல் இம்மாற்றம் ஐந்து வேலை நாட்களில் முடிதல் வேண்டும் என்பது ஏற்பாடு. மனம் மாறினால் 14 நாட்களுக்குள் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். மாறும் நாளில் மானியின் எண்ணைக் குறித்து, படமும் எடுத்துவைத்தல் நன்று. ஒரே அலகுக்கு இருவரும் பணம் கேட்டால் அதுவே சாட்சி.

வாடகைக்கு இருப்போர் தம் பெயரில் நேரே பட்டியலைக் கட்டிவந்தால் நிறுவனத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை அவர்களுடையதே. வாடகையோடு சேர்த்து வீட்டுக்காரர் மின்சாரத்துக்கும் வாங்கினால் அவ்வுரிமை அவரிடம் உள்ளது. அறையெடுக்கும் மாணவர் கையொப்பமிடுமுன்னரே இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

சட்டம் வரம்பு விதிக்கலாம். கடிதத்தைப் பிரித்து வாசிக்க அதனால் இயலாது. ஆங்கிலக் கடிதமென்றால் மேசை அறையில் போட்டு மூடிவைக்கும் பாட்டனும் பாட்டியும் அங்குள்ள நம் குடும்பங்களிலும் உளர். அவர்களோடு வாழும் பேரப்பிள்ளை ஆண்டுக்கொருமுறை ஒரு மணி நேரம் அருகே அமர்ந்து, அந்த நான்கு எண்களையும் வாசித்துச் சொல்லுமாயின், பள்ளியிற் கற்ற கணக்கு பயன்பட்டதாகும். அடுத்த முறை பிள்ளைகளுக்கு எழுதும்போது, சுகம் விசாரிப்பதோடு “உங்கள் மின்சாரத் தவணை எப்போது முடிகிறது?” என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.