இயந்திரச் சீட்டும் எண்ணிக் காணும் கணக்கும்



சூது தீது என்று சொல்லக் கேட்டே நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். அந்த அறிவுரையை மீண்டும் ஒருமுறை ஓதுவதற்காக நான் இன்று உங்கள் முன் வரவில்லை. கணக்கு ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமை ஆசிரியனாகவும் பல்லாண்டுகள் கழித்தவன் நான். ஆகவே அதனைக் கணக்காகவே காட்ட விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சூதாட்ட விடுதிகளில் வரிசையாக நிற்கும் 'வீடியோ போக்கர்' என்னும் சீட்டாட்ட இயந்திரம். ஆடுவோன் தான் கொடுக்கும் விலையைத் தானே கணக்கிட்டு அறியக்கூடிய சூதாட்டக் கருவிகள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று. அதனாலேயே இதனைத் தேர்ந்தேன்.

இவ்வியந்திரத்தின் முன்னோர் பழையவர். 1891-ஆம் ஆண்டில் புரூக்ளின் நகரில் சிட்மன், பிட் என்போரின் நிறுவனம், ஐந்து உருளைகளில் ஐம்பது சீட்டுகளைப் பொருத்தி, நெம்புகோலை இழுத்தால் ஐந்து சீட்டுகள் தோன்றும்படி ஒரு கருவி செய்தது. கட்டில் உள்ளவை 52 சீட்டுகள் அல்லவா? இரண்டு குறைகின்றன. பெரும்பாலும் விடப்பட்டவை இஸ்பேட் பத்தும் ஆட்டின் ஜாக்கியும். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகிய ஐந்தும் ஒரே இனத்தில் சேர்வது 'ராயல் ஃபிளஷ்' என்னும் தலையாய கை. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்னும் நான்கு இனங்களில் அது நான்கு வகையாக அமையலாம். அவ்விரண்டு சீட்டுகளையும் நீக்கியதும் இஸ்பேடிலும் ஆட்டினிலும் அது அமையவே வழியில்லை. நான்கு வழிகளில் இரண்டு அடைபட்டன.

திரையில் சீட்டுகளைக் காட்டும் மின்னணு இயந்திரத்தைப் பரவச் செய்தவர் சை ரெட் என்பவர். அவருடைய நிறுவனத்தின் 'டிரா போக்கர்' 1979-இல் வெளிவந்தது. இங்கே பழைய தந்திரத்துக்கு இடமில்லை. உண்மையான சீட்டுக் கட்டைப் போலக் காட்டும் இயந்திரத்தில், ஒவ்வொரு சீட்டும் வருவதற்கான நிகழ்தகவு உண்மையான கட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும் என்பது நெவாடாவின் விதி. ஆகவே சீட்டுப் போடுவதில் வஞ்சனை இல்லை. அவ்வாறாயின் விடுதிக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? இன்றைய பேச்சின் உயிர்நாடி இக்கேள்விதான்.

ஆட்டம் எளியது. காசு இட்டால் ஐந்து சீட்டுகள் திரையில் தோன்றும். வேண்டியவற்றை நிறுத்திக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடலாம். கழித்தவற்றுக்கு ஈடாகப் புதியவை வரும். இறுதியில் அமைந்த கைக்கு, இயந்திரத்தின் முகப்பில் உள்ள பட்டியலின்படி காசு கிடைக்கும். எதிராளி எவரும் இல்லை. 52 சீட்டுகளில் ஐந்தைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 25,98,960 என்பதைச் சேர்மானக் கணக்குப் படித்தவர்கள் உடனே சரிபார்த்துக் கொள்ளலாம். கணிப்பொறி இவ்வழிகள் அனைத்தையும், ஒவ்வொன்றிலும் நிறுத்தக்கூடிய 32 வகைகளையும் ஆராய்ந்து, பழுதின்றி ஆடுபவனுக்குச் சராசரியாக என்ன திரும்பும் என்று கூறிவிடும்.

முதலில் 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' என்னும் ஆட்டத்தைக் காண்போம். ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகியவற்றுள் ஒரு ஜோடி அமைந்தால் இட்ட காசு திரும்பும். அதற்குக் கீழான ஜோடிக்கு ஒன்றுமில்லை. இரண்டு ஜோடிக்கு 2, ஒரே எண்ணில் மூன்று சேர்ந்தால் 3, வரிசையாக ஐந்து வந்தால் 4. ஐந்தும் ஒரே இனமாயின் அது 'ஃபிளஷ்', அதற்கு 6. மூன்று ஒன்றாகவும் இரண்டு ஒன்றாகவும் அமைவது 'ஃபுல் ஹவுஸ்'; அதற்கு 9. ஒரே எண்ணில் நான்கு சேர்ந்தால் 25. ராயல் ஃபிளஷுக்கு, ஐந்து காசும் இட்டு ஆடினால், காசு ஒன்றுக்கு 800. இந்தப் பட்டியல்படி பழுதின்றி ஆடுபவனுக்கு 100 காசுக்குச் சராசரியாக 99.54 காசு திரும்பும்.

அடுத்த வரிசையில் அதே பெயருடன், அதே வண்ணத்துடன் மற்றோர் இயந்திரம் நிற்கும். அதன் பட்டியலில் ஃபுல் ஹவுஸுக்கு 9-க்குப் பதில் 8. ஃபிளஷுக்கு 6-க்குப் பதில் 5. வேறொரு மாற்றமும் இல்லை. ஒரு காசு குறைந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அவ்விரு கைகளும் ஏறத்தாழ 90 ஆட்டத்துக்கு ஒருமுறை வீதம் வருபவை. அடிக்கடி வருவதில் செய்த சிறு குறைப்பு பெருந்தொகையாகிறது. திரும்பும் காசு 97.30 ஆகக் குறைகிறது. இழப்பு 46 சதத்திலிருந்து 270 சதமாக, ஏறத்தாழ ஆறு மடங்காக ஏறிவிட்டது. சீட்டுகள் மாறவில்லை, வாய்ப்புகள் மாறவில்லை, விலை மாத்திரம் மாறிவிட்டது. கடையில் அளவு சரியாக நிறுத்துக் கொடுத்துவிட்டு, விலையை மூலையில் சிறிதாக எழுதி வைப்பதைப் போன்றது இது. நேர்மையான தராசு வேறு, நியாயமான விலை வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, ஆடும் முறைக்கு வருவோம். ஒரு சூழ்நிலையில் எதைச் செய்வது நன்று என்று தீர்மானிக்க, ஒவ்வொரு வழியிலும் கிடைக்கக்கூடியதை அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். இதனை எதிர்பார்ப்பு மதிப்பு என்பர். 1654-இல் பாஸ்கலும் பெர்மாவும் சூதாட்டக் கேள்வியொன்றைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டபோது இக்கருத்துக்கு வித்திட்டனர். 1657-இல் ஹைகன்ஸ் அதனை நூலாக்கினார்.

ஓர் உதாரணம். உங்களுக்கு வந்தவை ஆட்டின் 7, இஸ்பேட் 7, ஆட்டின் 3, ஆட்டின் 6, ஆட்டின் 9. ஏழு ஜோடியை நிறுத்துவதா? நான்கு ஆட்டின்களையும் நிறுத்தி ஐந்தாவது ஆட்டினுக்குக் காத்திருப்பதா? வெளியே உள்ள 47 சீட்டுகளில் ஆட்டின் 9 உண்டு. ஒவ்வொன்றும் 6 காசு தரும். ஆக 54-ஐ 47-ஆல் வகுக்க 1.15 கிடைக்கிறது. ஜோடியை நிறுத்தி மூன்று சீட்டு வாங்கினால் மதிப்பு 0.82 மட்டுமே. எனவே ஜோடியைப் பிரித்துவிட வேண்டும்.

ஏழுகளுக்குப் பதில் ஜாக்கிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று சீட்டுகளும் அவையே. ஜாக்கி ஜோடி ஏற்கெனவே ஒரு காசை உறுதி செய்துவிட்டது. அதனை நிறுத்தினால் மதிப்பு 1.54; நான்கு ஆட்டின்களை நிறுத்தினால் 1.19. இப்பொழுது ஜோடியே மேல். தோற்றத்தில் ஒத்த இரண்டு கைகள், விடைகளோ நேர்மாறு.

ஆட்டத்தையே மாற்றிப் பார்ப்போம். 'டியூசஸ் வைல்டு' என்னும் ஆட்டத்தில் நான்கு இரண்டாம் எண் சீட்டுகளும் ரம்மி ஆட்டத்து ஜோக்கரைப் போல எதுவாகவும் நின்று உதவும். இவ்வளவு உதவி இருப்பதால் பரிசுகள் சுருங்கிவிடும். ஜோடிக்கும் இரண்டு ஜோடிக்கும் ஒன்றுமில்லை. ஒரே எண்ணில் மூன்று சேர்ந்தால்தான் இட்ட காசு திரும்பும். ஃபிளஷுக்கு 2, ஃபுல் ஹவுஸுக்கு 3, ஒரே எண்ணில் நான்கு சேர்ந்தால் 5. இங்கே அதே ஏழு ஜோடியும் ஆட்டின்களும் வந்தால்? ஃபிளஷை நிறைவு செய்பவை ஆட்டின் 9-உம் மற்ற மூன்று ஜோக்கர்களும் ஆகப் பன்னிரண்டு. 12-ஐ 2-ஆல் பெருக்கி 47-ஆல் வகுக்க 0.51. ஜோடியை நிறுத்தினால் 0.56. முன்பு பிரித்த ஜோடியை இங்கே பிரிக்கலாகாது. இரண்டு ஜோடி வந்தால் ஒன்றைக் கழித்துவிட்டு மற்றொன்றை மாத்திரம் நிறுத்துவதே இங்கு முறை. முதல் ஆட்டத்தில் அப்படிச் செய்வது பேதைமை.

மூன்றாவது, 'டபுள் டபுள் போனஸ்'. இதில் இரண்டு ஜோடிக்கு 2-க்குப் பதில் 1. அங்கே பிடித்த காசை நான்கு ஏஸுகளில் கொட்டியிருக்கிறார்கள்: நான்கு ஏஸ் வந்தால் 160, உடன் வரும் ஐந்தாவது சீட்டு 2, 3, 4 ஆகியவற்றுள் ஒன்றாயின் 400. மூன்று ஏஸும் இரண்டு எட்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ் ஒன்று வந்தது என்று கொள்க. கையில் 9 காசு உறுதி. ஆயினும் எட்டுகளைக் கழித்து ஏஸுகளை மாத்திரம் நிறுத்தினால் எதிர்பார்ப்பு 12.72. கிடைத்ததை விடுவதே இங்குக் கணக்குக்கு ஒத்தது. ஜாக்ஸ் ஆர் பெட்டரில் அவ்வாறு செய்தால் மதிப்பு 4.31 ஆகச் சரியும். ஆகவே 'நான் சீட்டாட்டத்தில் வல்லவன்' என்று பொதுவாகச் சொல்வதற்குப் பொருளே இல்லை. விதி மாறினால் நேற்றைய வன்மை இன்றைய பிழையாகிவிடும்.

வல்லவனுக்கு வெற்றி உறுதிதானா என்று கேட்பீர்கள். டியூசஸ் வைல்டின் மிகத் தாராளமான பட்டியலில் பழுதின்றி ஆடுபவனுக்கு 100-க்கு 100.76 திரும்பும். ஆம், நூறைக் கடந்துவிட்டது! ஆனால் அந்தக் காசு எவ்வாறு வருகிறது என்று பாருங்கள். நான்கு இரண்டுகளும் சேர்ந்து வருவது ஏறத்தாழ 4,900 ஆட்டத்துக்கு ஒருமுறை. ஜோக்கர் கலவாத ராயல் ஃபிளஷ் ஏறத்தாழ 45,000 ஆட்டத்துக்கு ஒருமுறை. இவ்விரண்டின் பங்கை நீக்கிவிட்டால் திரும்புவது 95 காசே. அவை வாராத நாள்களெல்லாம் ஆடுவோன் நூற்றுக்கு ஐந்து வீதம் இழந்துகொண்டே இருப்பான். சராசரி என்பது பல்லாயிரம் ஆட்டங்களின் இயல்பு. உங்கள் ஒரு மாலைப்பொழுதின் வாக்குறுதி அன்று. அத்துடன், அப்பட்டியலில் நான்கு ஒத்தவைக்கான 5-ஐ 4 ஆக்கினால் போதும். அக்கை 100-க்கு ஆறரை முறை வருவதாகலின் ஆதாயம் மறைந்து, நட்டம் ஐந்துக்கு மேல் ஏறிவிடும்.

இன்னும் ஒரு பெருக்கல் உண்டு. மணிக்கு 600 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒன்றேகால் டாலர் என்று கொள்வோம். ஒரு மணி நேரத்தில் இயந்திரத்தின் வழியே ஓடுவது 750 டாலர். 99.54 திரும்பும் இயந்திரத்தில் சராசரி இழப்பு மூன்றரை டாலருக்குச் சற்றுக் குறைவு, 97.30 இயந்திரத்தில் இருபது டாலர். இவ்வளவோடு நிறுத்தினால் நல்ல இயந்திரம் மலிவானது என்று எண்ணத் தோன்றும். ஆனால் நல்ல இயந்திரத்தில் பத்து மணி நேரம் அமர்ந்தவன், மோசமானதில் ஒரு மணி நேரம் அமர்ந்தவனைவிட மிகுதியாக இழக்கிறான். விலையின் ஒரு காரணி இயந்திரத்தின் முகப்பில் எழுதப்பட்டிருக்கிறது. மற்றொரு காரணியாகிய காலமோ ஆடுவோனின் மனத்தில் இருக்கிறது. அதனை எந்தப் பட்டியலும் காட்டாது.

மானிடவியல் அறிஞர் நடாஷா டவ் ஷூல் லாஸ் வேகஸ் நகரில் நெடுங்காலம் ஆய்ந்து 2012-இல் ஒரு நூல் வெளியிட்டார். இயந்திரங்களுக்கு அடிமையான பலர் வெல்வதற்காக ஆடவில்லை என்று அவர் கண்டார். கவலையும் காலமும் மறந்துபோகும் ஒரு நிலையில் நீடித்திருப்பதற்காகவே அவர்கள் ஆடுகின்றனர். இது என் கணக்கை அடியோடு அசைக்கும் உண்மை. எதிர்பார்ப்பு மதிப்பைப் பேசும்போது, ஆடுவோன் காசுக்காக ஆடுகிறான், வேண்டியபோது எழுந்துவிடுவான் என்று நாம் மறைமுகமாக வைத்துக்கொள்கிறோம். எழ முடியாதவனுக்கு 99.54-உம் ஒன்றே, 97.30-உம் ஒன்றே. கையில் உள்ளது தீரும் வரையில் பெருக்கல் நடந்துகொண்டே இருக்கும்.

திருக்குறளில் 'சூது' என்னும் அதிகாரம் அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில் 94-ஆவது அதிகாரமாக நிற்கிறது. அந்த இடவைப்பு எனக்கு எப்பொழுதும் சிந்தனைக்குரியதாக இருந்து வருகிறது. பொருளைப் பேணுவோன் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி அது என்று நான் அதனைப் பொருள் கொள்கிறேன்.

உங்கள் கைப்பேசிக்குள்ளும் இத்தகைய ஆட்டங்கள் பல வேடங்களில் வந்து அழைக்கக்கூடும். 'இது திறமைக்கு உரிய ஆட்டம்' என்று ஒருவர் கூறினால், அது பொய் என்று வாதாட வேண்டியதில்லை. நான் காட்டிய இயந்திரத்திலும் திறமைக்கு இடம் உண்டு. அத்திறமை விலையைக் குறைக்கிறது. ஆயினும் மூன்று வினாக்களை மட்டும் தவறாது கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான் கொடுக்கும் விலை என்ன? அந்த விலையைக் கணக்கிடப் போதிய செய்தி என் கண்முன் இருக்கிறதா? எத்தனை ஆட்டத்துக்குப் பின் எழுவேன் என்பதை முன்னரே என்னால் எழுதி வைக்க முடியுமா? மூன்றாவது வினாவுக்கு விடை தயங்கினால், முதலிரண்டுக்கும் எவ்வளவு நல்ல விடை கிடைத்தாலும் ஆட்டத்தின் அருகில் செல்லாதீர்கள். ஓய்வு நேரத்தில் ஒரு பழைய சீட்டுக் கட்டை எடுத்து, நான் கூறிய ஏழு ஜோடிக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். காசு வைக்காமலே அதில் கிடைக்கும் இன்பம் மிகுதி.