6,000 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் வாங்கினா வீடே அதிருமா? அட்டைப்பெட்டிக் கணக்கும் நிஜக் கணக்கும்

அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவருக்கு என்ன வாங்கித் தரலாம் என்று வீட்டில் பெரிய பேச்சு. அவரிடம் 90-களில் வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸ் இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபையர் எப்போதோ செத்துப்போய், பாக்ஸ் இரண்டும் ஹாலில் பூச்சாடி வைக்கும் மேஜையாக மாறியிருந்தன. 'புதுசா ஒரு ஆம்ப் வாங்கிக் கொடுத்தா பழையபடி பாட்டுக் கேப்பாரே' என்று நான்தான் சொன்னேன். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் நீல விளக்கு மின்னும் ஒரு பெட்டியைக் காட்டினார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் '6,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று இருந்தது. வாங்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம், தம்பியின் பிறந்தநாள். வால்யூம், பேஸ், ட்ரெபிள் என எல்லாக் குமிழ்களையும் கடைசிவரை திருப்பிவிட்டு ஆட்டம். மறுநாள் காலையில் வலது பக்க ட்வீட்டரில் சத்தமே இல்லை. "பரவால்ல விடு, ஒரு பக்கம் கேக்குதுல்ல" என்றார் அப்பா. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் அந்த ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தேன். 'மின் நுகர்வு: 100 வாட்ஸ்'. சுவரிலிருந்து 100 வாட்ஸ் வாங்கும் பெட்டி 6,000 வாட்ஸை எங்கிருந்து கொண்டுவரும்?

பி.எம்.பி.ஓ. என்பது என்ன?

கண் இமைக்கும் நேரத்துக்கு, எவ்வளவு கரகரப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு, எல்லா சேனல்களையும் கூட்டிச் சொல்லும் எண்தான் பி.எம்.பி.ஓ. இதை எப்படி அளக்க வேண்டும் என்று பொதுவான விதி கிடையாது. அதனால் ஒரே பெட்டிக்கு ஒருவர் 1,000 என்று போடலாம், இன்னொருவர் 6,000 என்று போடலாம். இந்த வாட்ஸ் போட்டி புதிதும் இல்லை. அமெரிக்காவில் இது எல்லை மீறிப் போனதால், வீட்டு ஆம்ப்ளிஃபையர்களின் வாட்ஸை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று 1974-லேயே அரசு வணிக ஆணையம் விதி கொண்டுவந்தது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். அளவு. அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ். அதிலும் எண் மட்டும் போதாது. நேர்மையான விவரக்குறிப்பில், '8 ஓமில், இரண்டு சேனலும் ஓடும்போது, 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை, இவ்வளவு சதவீத டி.எச்.டி.யில் 40 வாட்ஸ்' என்று வால் நீளமாக இருக்கும். டி.எச்.டி. என்பது ஒலி எவ்வளவு சிதைகிறது என்பதற்கான அளவு. அது 10% என்று போட்டிருந்தால் அந்த வாட்ஸை அப்படியே நம்பாதீர்கள். அவ்வளவு சிதைவோடு யாரும் பாட்டுக் கேட்க மாட்டார்கள்.

ஆன்லைனில் வரும் குட்டி ஆம்ப்களுக்கு இன்னும் எளிய சோதனை இருக்கிறது. அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 36. உள்ளே போவதே 36 வாட்ஸ். இந்த வகையில் நிறைய பயன்படும் டி.பி.ஏ.3116 என்ற சிப் நல்ல சிப்தான். ஆனால் அது சேனலுக்கு 50 வாட்ஸ் தருவது 21 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில். அதையே 12 வோல்ட்டில், 8 ஓம் பாக்ஸோடு இணைத்தால் சேனலுக்கு 8 வாட்ஸைத் தாண்டுவது கஷ்டம். பெட்டியில் மட்டும் '50+50' என்றே இருக்கும்.

சரி, எவ்வளவு வாட்ஸ்தான் வேணும்?

இதற்குப் பதில் ஆம்ப்ளிஃபையரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. ஸ்பீக்கர் பின்னால் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று ஓம். இன்னொன்று சென்சிடிவிட்டி. அது '88 டெசிபல்' என்று இருந்தால், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி 88 டெசிபல் சத்தம் வரும் என்று அர்த்தம். மூன்று மீட்டர் தள்ளி சோஃபாவில் உட்கார்ந்தால், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து ஏறக்குறைய 80-க்குக் கொஞ்சம் மேலே வரும். வெறும் 1 வாட்டில்! வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்க 80 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, தினமும் நாம் பாட்டுக் கேட்பது ஒன்று, இரண்டு வாட்ஸுக்குள்தான் முடிந்துவிடுகிறது.

அப்போ மிச்ச வாட்ஸ் எதுக்கு? பாட்டில் திடீரென்று விழும் தவில் அடி, டிரம் அடிக்கு. அந்த ஒரு நொடியின் சிறு பகுதியில் ஒலி சராசரியைவிட 15 டெசிபல் எகிறலாம். 10 டெசிபல் ஏற 10 மடங்கு வாட்ஸ் வேண்டும். 15 டெசிபலுக்குச் சுமார் 32 மடங்கு. 1 வாட்டில் ஓடும் ஆம்ப் அந்த நொடியில் 32 வாட்ஸ் தர வேண்டும். நம் வீட்டு ஹால்களுக்கு 30 முதல் 50 வாட்ஸ் போதும், ஆனால் அது உண்மையான 50-ஆக இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். 83 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றால் அதே சத்தத்துக்கு மூன்று மடங்கு வாட்ஸ் கேட்கும். அப்போது கொஞ்சம் கூட வாங்குங்கள்.

50-க்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்று நினைக்காதீர்கள். 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 500 வாட்ஸ் வேண்டும். 1978-ல் வந்து உலகம் முழுக்க ஹை-ஃபை பிரியர்கள் கொண்டாடிய நாட் 3020 ஆம்ப்ளிஃபையரின் அளவு என்ன தெரியுமா? சேனலுக்கு 20 வாட்ஸ்.

எங்கள் ட்வீட்டர் போனதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதற்கு கிளிப்பிங் என்று பெயர். சத்தம் கரகரக்கும், ட்வீட்டருக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி தொடர்ந்து போகும். தலைமுடி போன்ற அதன் காயில் சூடாகிக் கருகிவிடும். கரகரப்பு கேட்டவுடனே குறைத்திருக்க வேண்டும். பிறந்தநாள் வீட்டில் யார் கேட்டார்கள்!

ஓம் விஷயத்தில் கவனம்

ஆம்ப் பின்னால் '6 முதல் 16 ஓம்' என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஓம் குறையக் குறைய கரன்ட் அதிகம் இழுக்கும், ஆம்ப் சூடாகும். 'ஹாலில் ஒரு ஜோடி, பெட்ரூமில் ஒரு ஜோடி' என்று இரண்டு 8 ஓம் ஜோடிகளை ஒரே முனையில் இணைத்தால் அதுவும் 4 ஓம்தான். எந்த ஆம்பாக இருந்தாலும் காற்றோட்டம் வேண்டும். மேலே பூப்போட்ட துணியை விரித்து அழகு பார்க்கும் வீடுகள் கவனிக்க.

கிளாஸ் ஏ, ஏபி, டி... எது நல்லது?

கிளாஸ் ஏ வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே விட்டுவிடும், விலையும் அதிகம். கிளாஸ் ஏபி வழக்கமான, கனமான டிரான்ஸ்ஃபார்மர் வகை. கிளாஸ் டி சுமார் 90% திறன் கொண்டது, சின்னது, சூடாகாது. 'டி' என்றால் டிஜிட்டல் என்று கடையில் சொல்வார்கள், அது தவறு. ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான். ஏபி, டி இரண்டில் எதை வாங்கினாலும் தப்பில்லை.

இதைச் சொன்னால் ஆடியோ ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். 1987-ல் 'ஸ்டீரியோ ரிவ்யூ' என்ற அமெரிக்க இதழ், எது எந்த ஆம்ப் என்று சொல்லாமல், ஒலி அளவைச் சமமாக்கி ஒரு சோதனை நடத்தியது. சுமார் 220 டாலர் ரிசீவர் முதல் 12,000 டாலர் வால்வ் ஆம்ப் வரை வைத்தார்கள். கேட்டவர்களால் குத்துமதிப்பாகச் சொல்வதைவிடப் பெரிதாக வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லையைத் தாண்டி ஓட்டாதவரை நல்ல ஆம்ப்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும் என்பதே என் கட்சியும். கையில் 30,000 ரூபாய் இருந்தால் 20,000-ஐ ஸ்பீக்கரில் போடுவேன்.

பழைய ஆம்ப் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் பெட்டிகள் பல 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகினால் கதை அன்றோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். வாங்கும் முன் வால்யூம் குமிழைத் திருப்பிப் பாருங்கள், கரகர என்றால் சுத்தம் செய்தால் சரியாகலாம். ஆனால் பாட்டே இல்லாமல் 'ம்ம்ம்' என்று முனகினால், உள்ளே கெப்பாசிட்டர் வேலை வைத்திருக்க வாய்ப்பு உண்டு. விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டு பிளேயர் இருந்தால் 'ஃபோனோ' இன்புட் உள்ளதா என்று கேளுங்கள். டிவியையும் இணைக்க வேண்டும் என்றால் ஆப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. வேண்டும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். கழற்றிய ட்வீட்டரோடு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாள் அலைந்து, அதே அளவில், அதே 8 ஓமில் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் மட்டும் புதிது என்றால் இரண்டும் வேறு மாதிரி கேட்கும் என்பதால் ஜோடியாகவே மாற்றினோம். சேனலுக்கு 40 வாட்ஸ் தரும் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று வாங்கினேன். நீல விளக்கெல்லாம் கிடையாது. கடிகார முள்ளோடு ஒப்பிட்டால் அதன் வால்யூம் குமிழ் இதுவரை ஒன்பது மணியைத் தாண்டியதில்லை. அதற்கே அடுக்களையிலிருந்து அம்மா குரல் வருகிறது: "ஏங்க, குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு கேக்கல, கொஞ்சம் கொறைங்க!"