கரையிலிருந்து இருநூறு மீட்டர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் அமைந்த பழைய ஊர் கிண்ணியா. ஒருபுறம் கொட்டியாரக் குடா. மறுபுறம் தம்பலகாமக் குடா. இரண்டையும் இணைக்கும் நீரிணை ஊரின் வாசலாக நிற்கிறது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீட்டர் நீளமான பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைக்குச் செல்வோர் இந்த நீரிணையைப் படகுப் பாதையிலேயே கடந்தனர். ஊரவரிற் பெரும்பாலார் தமிழ் பேசும் முஸ்லிம்கள். அருகே ஆலங்கேணி, ஈச்சந்தீவு முதலிய தமிழ்க் கிராமங்கள் உள்ளன. மீன்பிடியும் வேளாண்மையும் வணிகமும் இம்மக்களின் தொழில்கள். முன்னே உப்பு நீரும் பின்னே நன்னீருமாக, எப்பக்கம் திரும்பினும் நீரே எல்லையாக உள்ள ஊர் இது. இத்தகைய ஊரில், கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் எவரும் குடியிருத்தலாகாது என்று ஒரு கோடு கிழிக்கப்படுமாயின், அந்தக் கோடு எத்தனை வீடுகளினூடே செல்லும் என்பதை நேயர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

அத்தகைய கோடு உண்மையிலேயே கிழிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமாத்திராத் தீவின் அருகே கடலடியில் எழுந்த பெரும் நில நடுக்கத்தால் உண்டான ஆழிப் பேரலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இலங்கையின் கீழைக் கரையை எட்டிற்று. நாடு முழுவதிலும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கிண்ணியாவில் கரையோரமாக இருந்த மருத்துவமனையே அழிந்தது. நோய் தீர்க்க வந்த இடத்திலே உயிர் பறிபோன கொடுமை அன்று நிகழ்ந்தது. இதற்கு நாற்பது ஆண்டுகளின் முன், 1964ஆம் ஆண்டு டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல், முதலில் திருகோணமலைப் பகுதியைத்தான் தாக்கிச் சென்றது. அதன் நினைவு முதியோரிடத்து இருந்தது. ஆயினும் 2004இல் வந்தது முதியோரும் கண்டறியாத ஒன்று.

அடுத்த சில வாரங்களுள் அரசாங்கம் ஒரு கொள்கையை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீட்டரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டரும் பாதுகாப்பு வலயமாகக் கொள்ளப்படும். அதற்குள் அழிந்த வீடுகளை மீண்டும் கட்ட இடமில்லை. அங்கிருந்தோருக்கு உள்நாட்டுப் பக்கத்தே வேறு நிலத்தில், உதவி நிறுவனங்கள் வீடு கட்டித் தரும். வலயத்துக்கு வெளியே வீடிழந்தவர்க்கோ பண உதவி. நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சேதமுற்ற வீட்டுக்கு 250,000 ரூபாவும், அதற்குக் குறைவாகச் சேதமுற்ற வீட்டுக்கு 100,000 ரூபாவும் தவணை முறையில் வழங்கப்படும் என்றனர். ஒரே தெருவில் ஒருபுறத்தார் பணம் பெற்றுச் சுவரெழுப்ப, மறுபுறத்தார் கூடாரத்தில் காத்திருக்கும் நிலை இதனால் நேர்ந்தது. வலயத்துள் உள்ள நிலத்தின் உரிமை உரியவரிடமே இருக்கும் என்று சொல்லப்பட்டது உண்மை. ஆனால் கட்டவும் இயலாது, விற்றால் வாங்குவாருமில்லை என்ற நிலத்துக்கு உறுதி இருந்து என்ன பயன்?

கரையோர மக்களின் எதிர்ப்பை வெறும் பிடிவாதம் என்று அன்று பேசியவர் உண்டு. அப்படிப் பேசியவர்கள் கரைவலை இழுப்பவனின் வாழ்வை அறியாதவர்கள். தோணியும் வலையும் இயந்திரமும் மணலில் கிடக்க, உரியவன் மூன்று நான்கு கிலோமீட்டர் அப்பால் உறங்குவது எங்ஙனம்? காற்றின் போக்கையும் நீரின் நிறத்தையும் விடியுமுன் எழுந்து பார்த்தே கடலுக்கு இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறான். வீட்டை அகற்றினால் அவன் தொழிலும் உடன் அகன்றுபோம்.

இரண்டாவது காரணம் வெளியாருக்கு எளிதிற் புலப்படாதது. கிழக்கிலங்கையில் முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும், மகளுக்குத் திருமணமாகும்போது வீட்டைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் தம் வளவைப் பகுத்து, மூத்தவளுக்கு ஒன்று, அடுத்தவளுக்கு ஒன்று என வீடு கட்டிக் கொடுப்பர். கடைசி மகளுக்குப் பெரும்பாலும் தாய்வீடே சேரும். ஆகவே கரையோரத்து வளவொன்று அழிந்தால், சகோதரிகள் பலரின் வாழ்வு ஒருங்கே நிலைகுலையும். மாற்று வீடு கொடுத்தோர் ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் கணவனுக்கே உறுதி எழுதிய இடங்களில், தாய்வழியே வந்த பெண்ணின் சொத்து ஒரே கையெழுத்தால் கைமாறிற்று. இதனைப் பெண்கள் அமைப்புகள் அந்நாளிலேயே எடுத்துக் காட்டின. மேலும், பல வளவுகளுக்கு முறையான உறுதியே கிடையாது. அரச நிலத்துக்கான அனுமதிப் பத்திரமோ, வாய்ச்சொல்லோ, பள்ளிவாசலில் பதிந்த சீதனக் குறிப்போதான் சான்று.

மூன்றாவது, நம்பிக்கையின்மை. தெற்கில் நூறு, கிழக்கில் இருநூறு என்ற வேறுபாட்டுக்குத் தெளிவான விளக்கம் மக்களுக்குக் கிட்டவில்லை. அதிகம் சேதமுறாத உல்லாசப் பயண விடுதிகளுக்கு விலக்கு உண்டு என்ற செய்தியும் பரவிற்று. மீனவனை அகற்றிவிட்டு வெண்மணலை விருந்தினருக்கு விரிப்பதோ என்று கேட்டவர்களைக் குறைகூற இயலாது. இவற்றுக்கு மேல், போரால் பிளவுண்ட மாவட்டம் அது. ஒரு சமூகத்தார் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தால் அங்கே முன்பிருந்த மற்றொரு சமூகத்தாரின் காணியைத் தொட வேண்டிவரும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒவ்வொரு ஏக்கரையும் எண்ணிப் பார்த்திருந்த காலத்தில், பொருத்தமான மாற்று நிலம் காண்பது காகிதத்தில் எழுதுவதுபோல் எளிதன்று. மறு ஆண்டே மாவிலாற்றிலும் மூதூரிலும் போர் மூண்டு, மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய் நோக்கி ஓடினர் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அரசின் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் முறை. கரையிலிருந்து 300 மீட்டர் வரையான நிலத்தில் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும் என்பது 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்திலேயே உள்ளது. அச்சட்டம் ஏட்டிலிருக்க, வீடுகள் நீரோரம் வரை நெருங்கின. மாண்டவர் தொகை கண்முன் நிற்கையில், இனியேனும் தடுக்க வேண்டும் என்று ஆட்சியாளர் நினைத்தது இயல்பே. பிழை நோக்கத்தில் அன்று, அளவுகோலில் நேர்ந்தது. அலையின் வலிமை தூரத்தை மட்டும் பொறுத்ததன்று. தரையின் உயரம், குடாவின் வளைவு, முகத்துவாரத்தின் அகலம், மணல்மேடு, கண்டற்காடு இவையெல்லாம் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. மேட்டு நிலத்தில் ஐம்பது மீட்டரில் உள்ள வீடு தப்பவும், களப்போரத் தாழ்வில் ஐந்நூறு மீட்டரில் உள்ள வீடு அழியவும் கூடும். நாடாவொன்றைப் பிடித்து நேராக அளந்த கோடு இந்த வேறுபாட்டை அறியாது.

2005ஆம் ஆண்டின் இறுதியில், குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப் பின், இக்கொள்கை தளர்த்தப்பட்டது. இடத்துக்கிடம் மாறுபடும் பழைய கரையோர விலகல் வரம்புகளே மீண்டும் அளவாயின. வீடு கட்டலாம் என்ற அனுமதி வந்தபோது ஓராண்டு கழிந்திருந்தது. சீமெந்தும் மணலும் மரமும் கொத்தனார் கூலியும் மிக ஏறியிருந்தன. 250,000 ரூபா அறிவிக்கப்பட்ட நாளில் எழுப்பக்கூடிய சுவரை அதே பணத்தால் எழுப்ப இயலவில்லை.

இத்தகைய சச்சரவு செல்வ நாடுகளிலும் உண்டு. ஆனால் அங்கே அது காப்புறுதி என்ற பெயரில் நடக்கிறது. காப்புறுதியின் தத்துவம் எளியது. பலர் சிறிது சிறிதாகப் பணமிட்டு, அவர்களுட் சிலருக்கு நேரும் பேரிழப்பைத் தீர்ப்பர். தீ விபத்துக்கு இது நன்கு பொருந்தும். ஓர் ஊரின் எல்லா வீடுகளும் ஒரே நாளில் தீப்பற்றுவதில்லை. வெள்ளமோ எல்லார் வீட்டிலும் ஒன்றாகவே நுழையும். மேட்டிலிருப்பவன் தவணைக் கட்டணம் கட்ட முன்வரான், தாழ்விலிருப்பவனே முந்துவான். 1927ஆம் ஆண்டு மிசிசிப்பிப் பெருவெள்ளத்துக்குப் பின் அமெரிக்கத் தனியார் கம்பெனிகள் வெள்ளக் காப்புறுதியைக் கைவிட்டதன் காரணம் இதுவே. 1968இல் அந்நாட்டு அரசே அப்பொறுப்பை ஏற்றது. பழைய வீடுகளுக்கு உண்மையான ஆபத்துக்கு ஈடாகாத சலுகைக் கட்டணமே விதித்தது. 2005இல் கத்ரீனாப் புயல் வந்தபோது நிதியம் கடனில் மூழ்கிற்று.

எனவே 2012 யூலையில் சீர்திருத்தச் சட்டமொன்று வந்தது: சலுகை ஒழிக, ஆபத்துக்கேற்ற கட்டணம் செலுத்துக. மூன்றே மாதத்தில் சாண்டிப் புயல் நியூ யேர்சிக் கரையை உடைத்தது. வீட்டைச் செப்பனிடும் கையோடு உயர்ந்த கட்டண அறிவிப்பும் வந்தால் எவர்தாம் பொறுப்பர்? வீட்டை விற்றால் வாங்குபவர் முழுக் கட்டணமும் செலுத்த வேண்டும் என்ற விதியால் கரையோர வீடுகளின் விலை சரிந்தது. லூயிசியானாவிலும் பிற கரையோர மாநிலங்களிலும் எழுந்த எதிர்ப்பு, கட்சி வேறுபாட்டைக் கடந்தது. 2014இல் சட்டம் பெரிதும் பின்வாங்கப்பட்டு, பெரும்பாலான வீடுகளுக்கு ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் ஏற்றலாகாது என்ற வரம்பு அமைந்தது. 2017இல் நிதியத்தின் கடனில் 1,600 கோடி டொலரை அரசு தள்ளுபடி செய்தது. 2021 ஒக்டோபரில் ஒவ்வொரு வீட்டின் ஆபத்தையும் தனித்தனியே கணிக்கும் புதிய முறை தொடங்க, 2023இல் லூயிசியானா முதலிய மாநிலங்கள் அதனை எதிர்த்து வழக்கிட்டன. பிரித்தானியர் வேறு வழி கண்டனர். 2016இல் அவர்கள் அமைத்த பொது நிதியத்துக்கு எல்லாக் காப்புறுதிக் கம்பெனிகளும் வரி செலுத்தும். வெள்ள ஆபத்துள்ள வீடுகளுக்குக் கட்டணம் கட்டுக்குள் இருக்கும். ஆனால் 2009க்குப் பின் கட்டிய வீட்டுக்கு அதில் இடமில்லை. தெரிந்தே தாழ்நிலத்தில் கட்டியவனைப் பிறர் பணத்தில் தாங்கலாகாது என்பது அதன் கருத்து. நிதியமும் 2039இல் முடிவுறும் என்று முன்பே நாள் குறித்துள்ளனர்.

கிண்ணியாவின் வழக்கு இவற்றினின்று வேறுபட்டதுபோல் தோன்றும். கூர்ந்து நோக்கினால் ஒன்றே. ஆபத்தான இடத்தில் வாழ்வதன் விலையை யார் கொடுப்பது என்பதே எங்கும் கேள்வி. அமெரிக்கக் கரையோரத்தவனிடம் அவ்விலை பணமாகக் கேட்கப்பட்டது. காப்புறுதிப் பத்திரம் என்றால் என்னவென்றே அறியாத கிழக்குக் கரையானிடம் அது நிலமாகக் கேட்கப்பட்டது. பணமாகக் கேட்கும்போது பேரம் பேசலாம், வரம்பு விதிக்கலாம், ஆண்டாண்டாகப் பிரிக்கலாம். நிலமாகக் கேட்கும்போது ஒரே நாளில் முழுவதும் கொடுக்க வேண்டும்.

இலங்கையும் பின்னர் காப்புறுதி வழியை நாடிற்று. 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் நிறுவப்பட்டது. 2016இல் அதன் வாயிலாக நாட்டிலுள்ள எல்லா வீடுகளுக்கும் சிறு வணிக நிலையங்களுக்கும் இயற்கை அனர்த்தக் காப்புறுதி எடுக்கப்பட்டது. குடிமக்கள் ஒரு சதமும் செலுத்த வேண்டியதில்லை. அரசே 30 கோடி ரூபா கட்டணம் கட்டி, 1,000 கோடி ரூபா வரை பாதுகாப்புப் பெற்றது. வீடொன்றுக்கு 25 இலட்சம் ரூபா வரை இழப்பீடு. சில வாரங்களிலேயே, மே மாதத்தில், களனி கங்கை கொழும்பை மூழ்கடிக்க, அரநாயக்கவில் மலை சரிந்தது. அடுத்த முறை பத்திரத்தைப் புதுப்பிக்கையில் கட்டணம் ஏறிற்று. உலகின் மறுகாப்புறுதிச் சந்தை இரக்கமும் பகையும் அற்றது. நட்டக் கணக்கைப் பார்த்து விலை சொல்லும்.

ஏழைக்கு இத்திட்டம் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயின் இழப்பீடு கேட்டு வருபவன் வீட்டின் பெறுமதியை மதிப்பிடச் செய்ய வேண்டும். கிராம உத்தியோகத்தரின் சான்றும், பிரதேச செயலகத்தின் பதிவும் வேண்டும். உரிமைக்கு ஆதாரம் வேண்டும். வாய்ச்சொல்லால் மகளுக்கு வந்த வீடு அந்தப் படிவத்தின் முன் நின்று தடுமாறும். கரையோரக் காணிகளுக்கு உறுதி வழங்கும் வேலையை முதலில் முடித்திருந்தால், 2005இன் சச்சரவிலும் பாதி குறைந்திருக்கும். காப்புறுதியும் உரியவளின் கைக்கே சென்றிருக்கும்.

நீர் வரும் திசையும் ஒன்றன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கையில் பெருமழை கொட்டி, நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரைக் கொன்றது. மலைநாட்டில் விழுந்த மழை மகாவலி வழியாகத் திருகோணமலை மாவட்டத்துக்கு இறங்கிற்று. மாவிலாற்று அணை உடைப்பெடுத்தது. கொட்டியாரக் குடாவைச் சூழ்ந்த தாழ்நிலத்துக்கு இம்முறை வெள்ளம் கடலிலிருந்து வரவில்லை. ஊருக்குப் பின்னாலிருந்து, இருபது ஆண்டுகளின் முன் பாதுகாப்பானது என்று காட்டப்பட்ட உள்நாட்டுப் பக்கத்திலிருந்தே வந்தது.